கார் ஓட்டினால் முதுகு வலிக்கிறதா? குஷன் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்

புதுக் கார் வாங்கிய முதல் மாதம், கதவில் கீறல் விழுந்துவிடுமோ என்ற கவலையிலேயே கழிந்துவிடும். இடுப்பு வலி அதற்குப் பிறகுதான் தலைகாட்டும். அலுவலகம் போய்ச் சேர்ந்து இறங்கும்போது உடனே நிமிர முடியாது. கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றுவிட்டுத்தான் நடக்க முடியும். அன்று இரவே ஆன்லைனில் ஒரு குஷனுக்கு ஆர்டர் போய்விடும். அது கடைசியில் செய்ய வேண்டிய காரியம். சல்லிக் காசு செலவில்லாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் நான்கைந்து லீவர்களைப் பலரும் ஒழுங்காகத் தொட்டதே இல்லை. ஓட்டக் கற்றுக்கொண்டபோது பயிற்சியாளர் "கால் எட்டுகிறதா?" என்று கேட்டிருப்பார், நாமும் "எட்டுகிறது" என்றிருப்போம். இருக்கையைப் பற்றிய பாடம் அத்தோடு முடிந்துவிட்டது.

கிளட்ச் மிதித்து, கையால் கியர் மாற்றி ஓட்டும் சிறிய காரை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நம் ஊரில் முதல் காராகப் பலரும் வாங்குவது அதைத்தான்.

வலி எங்கிருந்து வருகிறது

நிற்கும்போது கீழ் முதுகு சற்று உள்வாங்கி வளைந்திருக்கும். உட்கார்ந்ததும் இடுப்பெலும்பு பின்பக்கம் சரிந்து, அந்த வளைவு தட்டையாகிவிடும். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்குகள் முன்பக்கம் நசுங்க, பின்பக்கத் தசைநார்கள் இழுபட்டு நிற்கும். ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ஆல்ஃப் நாகெம்சன், குன்னார் ஆண்டர்சன் ஆகிய மருத்துவர்கள் டிஸ்க்குக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி இந்த அழுத்தத்தை அளந்தார்கள். கார் ஓட்டுநர் இருக்கையை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு 1974இல் வெளியானது. முதுகுச் சாய்வைப் பின்னால் தள்ளியபோதும், இடுப்புக்குத் தாங்கல் கொடுத்தபோதும் அழுத்தம் குறைந்தது. கிளட்சை மிதித்தபோதும் கியரை மாற்றியபோதும் ஏறியது.

மாலை ஆறு மணிக்கு வடபழனியிலிருந்து கிண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் கிளட்சை எத்தனை முறை மிதிக்கிறோம் என்று யோசித்தால், நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் ஓட்டியும் வராத வலி ஊருக்குள் பத்துக் கிலோமீட்டரில் வருவதன் காரணம் விளங்கும். இதோடு அதிர்வும் சேர்கிறது. உட்கார்ந்திருக்கும் உடல், நொடிக்கு 4 முதல் 6 முறை என்ற கணக்கில் வரும் மேல்கீழ் அதிர்வுக்குத்தான் மிக அதிகமாக ஆடிக்கொடுக்கும். மேடுபள்ளச் சாலையிலிருந்து வரும் அதிர்வில் அதுவும் கலந்தே வருகிறது. சாலை நம் கையில் இல்லை. உட்காரும் விதம் இருக்கிறது.

இருக்கையை அமைக்கும் வரிசை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, இஞ்சினை அணைத்துவிடுங்கள். வழக்கமாக எந்தச் செருப்பு அல்லது ஷூ அணிந்து ஓட்டுவீர்களோ அதையே அணிந்திருங்கள். பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுத்து வெளியே வையுங்கள். ரசீதுகளும் கார்டுகளுமாகப் புடைத்த பர்ஸின் மேல் உட்கார்ந்தால் இடுப்பு ஒரு பக்கம் ஏறி நிற்கும். பிட்டத்தின் வழியாகக் காலுக்கு இறங்கும் நரம்பும் அழுந்தும். சிலருடைய வலி, பர்ஸ் இடம் மாறியதுமே பாதி குறைந்துவிடும்.

இனி வரிசை மாறாமல் செய்யுங்கள். ஒன்றை மாற்றினால் அடுத்தது மாறும் என்பதால்தான் இந்த வரிசை.

முதலில், பிட்டத்தை இருக்கையும் முதுகுச் சாய்வும் சேரும் மூலை வரை பின்னால் தள்ளி உட்காருங்கள். பிட்டத்துக்கும் சாய்வுக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நீங்கள் இன்னும் சரியாக உட்காரவில்லை. இது சரியாகாமல் அடுத்த எதையும் செய்து பயனில்லை.

அடுத்தது உயரம். இருக்கையின் பக்கவாட்டில் ஏற்றி இறக்கும் லீவர் இருந்தால், இடுப்பு முழங்காலுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ வரும்வரை ஏற்றுங்கள். தலைக்கும் கூரைக்கும் நடுவே மூடிய முஷ்டி நுழைய வேண்டும். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இந்த லீவர் இருக்காது. அதற்கு வழி பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது, முன்னும் பின்னும் நகர்த்துவது. இதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். புதியவர்கள் பானெட்டின் நுனி தெரிய வேண்டும் என்ற பயத்தில் ஸ்டீயரிங்கை மார்போடு அணைத்துக்கொள்வார்கள். பழகியவர்களோ கையை நீட்டிச் சாய்ந்தபடி ஓட்டுவதே அழகு என்று நினைப்பார்கள். இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைக் காட்டிக்கொடுப்பது கிளட்ச் பெடல்தான். பாதத்தின் முன்பகுதியால் கிளட்சைத் தரைவரை அழுத்துங்கள். முழுக்க அழுத்திய நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். முதுகு சாய்வை விட்டு விலகக்கூடாது. அழுத்தும்போது இடது இடுப்பு முன்னால் இழுபட்டாலோ, வலது பிட்டம் லேசாக எழும்பினாலோ இருக்கை தூரத்தில் இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் இது தெரியாது; இடது கையை இடுப்பெலும்பின் மேல் வைத்துக்கொண்டு மிதித்துப் பாருங்கள், எலும்பு நகர்வது கைக்குத் தெரியும். முழங்கால் ஸ்டீயரிங்குக்குக் கீழே இடித்தால் மிக அருகில் இருக்கிறீர்கள். பிரேக்கையும் ஓங்கி மிதித்துப் பாருங்கள். அவசரத்தில் முழுப் பலத்தையும் கொடுக்க அந்த முழங்காலிலும் மடக்கு வேண்டும். மார்பெலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்கட்டும். ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை. நகர்த்தி முடித்ததும் உடம்பை முன்னும் பின்னும் அசைத்து, இருக்கை 'கிளிக்' என்று பூட்டிக்கொண்டதா என்று பார்ப்பது கட்டாயம்.

நான்காவது, முதுகுச் சாய்வு. செங்குத்து 90 பாகை என்றால், 100 முதல் 110 பாகை வரை வசதியாக இருக்கும். பாகைமானி வேண்டாம்: தோள்பட்டை இரண்டும் சாய்வில் பட்டிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும். விரல் நுனி மட்டும் தொட்டால் அதிகம் சாய்ந்துவிட்டீர்கள். ஆய்வுக்கூடத்தில் சாய்வு கூடக்கூட டிஸ்க்கின் அழுத்தம் குறைந்தது உண்மைதான். ஆனால் அங்கே யாரும் சாலையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அளவுக்கு மேல் சாய்ந்தால் தலையை முன்னால் நீட்டியே ஓட்ட வேண்டிவரும், இடுப்பு வலி கழுத்துக்கு இடம் மாறும்.

ஐந்தாவது, ஸ்டீயரிங். ஏற்றி இறக்கும் வசதி இருந்தால் தொடையில் படாமலும் மீட்டரை மறைக்காமலும் வையுங்கள். முன்னால் இழுக்கும் வசதி இருந்தால் உங்கள் பாக்கியம். உயரமானவர்கள், கால் நீளத்துக்கு இருக்கையைத் தள்ளினால் கை எட்டாது என்ற சங்கடத்திலிருந்து தப்ப அது ஒன்றே வழி. இதை ஓடும் வண்டியில் செய்யவே கூடாது.

தலைத்தாங்கியின் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்தில் நிற்கட்டும்; குறைந்தது காது மட்டத்துக்கு மேல் வர வேண்டும். கண்ணாடிகளைக் கடைசியாகத் திருப்புங்கள். இதில் ஒரு நல்ல உபயோகம் உண்டு. நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் உள்கண்ணாடியை வைத்துவிட்டால், பாதி வழியில் பின்கண்ணாடி முழுவதாகத் தெரியாதபோது நீங்கள் சரிந்துவிட்டீர்கள் என்று பொருள். கண்ணாடியைத் திருப்பாமல் நீங்கள் நிமிருங்கள். பகல் முழுவதும் நடமாடினால் மாலையில் உயரம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைவது இயல்பு என்பதால், இம்மியளவு வித்தியாசத்தைக் கண்டுகொள்ள வேண்டாம்.

வீட்டில் இருவர் மூவர் ஓட்டும் கார் என்றால் இந்த உழைப்பெல்லாம் மறுநாளே வீணாகும். இருக்கையை முழுக்கப் பின்னால் தள்ளிவிட்டு, அங்கிருந்து உங்கள் இடம் எத்தனை 'கிளிக்' என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். சாய்வுக்கும் அப்படியே.

ஒரு தேங்காய்ப்பூத் துண்டு

மேலே சொன்னதை எல்லாம் செய்து ஒரு வாரம் ஓட்டியும் அடிமுதுகு வலித்தால், அங்கே தாங்கல் போதவில்லை. குளிக்கப் பயன்படுத்தும் தேங்காய்ப்பூத் துண்டை நீளவாக்கில் மடித்து, இறுக்கமாகச் சுருட்டி, இரு முனையிலும் ரப்பர் பேண்ட் போடுங்கள். அழுத்தினால் மூன்று, நான்கு சென்டிமீட்டர் கனம் வந்தால் போதும். பெல்ட் அணியும் இடத்துக்குச் சற்று மேலே, முதுகு உள்வாங்கும் குழியில் அது உட்கார வேண்டும். மேலே ஏறினால் விலா எலும்பைத் தள்ளும். கீழே இறங்கினால் பிட்டத்தை முன்னால் தள்ளி, முதலில் செய்த வேலையைக் கெடுத்துவிடும். நழுவாமல் இருக்க ஒரு நாடாவை உள்ளே விட்டு, சாய்வின் பின்பக்கம் கட்டிவிடுங்கள்.

இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். துண்டு இருப்பதே மறந்துபோக வேண்டும். அந்த இடத்தில் உறுத்தினால் ஒரு சுற்றைப் பிரித்துவிடுங்கள். இன்னும் குழி தெரிந்தால் ஒரு சுற்றைக் கூட்டுங்கள். ஆயிரம் ரூபாய்க் குஷனில் இந்த வசதி கிடையாது. துண்டை வைத்து உங்களுக்கு வேண்டிய கனமும் உயரமும் தெரிந்த பிறகு, அதே அளவில் கடையில் வாங்கினால் பணம் வீணாகாது. காரிலேயே இடுப்புத் தாங்கலுக்கான திருகு இருந்தால், அதை முழுக்க இறக்கிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

கடையில் விற்பவை

உயரம் கூட்டும் லீவர் இல்லாதவர்களுக்கும், குழிந்த இருக்கையில் முழங்கால் இடுப்பைவிட மேலே நிற்பவர்களுக்கும், பின்பக்கம் தடித்து முன்பக்கம் மெலிந்த ஆப்பு வடிவக் குஷன் உதவும். வால் எலும்பில் வலி இருப்பவர்களுக்குப் பின்பக்கம் வெட்டுவிட்ட குஷன் நல்லது. எதை வாங்கினாலும் மூன்றைப் பாருங்கள். பிரேக் போட்டால் வழுக்கக்கூடாது. சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பின் மேலேயே படிய வேண்டும். குஷனால் உயரம் கூடியதும் பெடலுக்கான தூரமும் மாறும் என்பதால், மூன்றாவது படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

மரமணி விரிப்பு முதுகுக்குக் காற்று விடும். வியர்வைக்கு நல்லது, வலிக்கு அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. மெத்தென்ற பஞ்சு வைத்துத் தைத்த தோல் உறைகளைப் பற்றித்தான் எனக்கு ஆட்சேபம். கார் டெலிவரி எடுத்த அன்றே அதைப் போட்டுவிடுகிறார்கள். கம்பெனி வடிவமைத்த வளைவுகள் உறைக்கடியில் மறைந்து, இருக்கை தட்டையாகிவிடுகிறது. இருக்கையின் வெளிப்பக்கவாட்டில் ஏர்பேக் என்று சிறிய துணிப்பட்டி தைத்திருந்தால், சாதாரண உறை அது விரிவதைத் தடுக்கும். அந்தப் பக்கம் பிரியும்படி தைத்த உறையைக் கேட்டு வாங்குங்கள், அல்லது உறையே வேண்டாம் என்று விடுங்கள்.

வண்டி பழையதாக இருந்தால்

பழைய கார் வாங்கியவர்கள், ஓட்டுநர் இருக்கையையும் பக்கத்து இருக்கையையும் முஷ்டியால் ஒரே அழுத்தாக அழுத்திப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கை மட்டும் உள்ளே போனால் நுரைப்பஞ்சு செத்துவிட்டது. பிறகு பின்சீட்டில் குனிந்து, கைபேசி வெளிச்சத்தில் இருக்கையின் அடியைப் பாருங்கள். நெளிநெளியான கம்பிகள் இரும்புச் சட்டத்தின் இருபுறமும் கொக்கி போட்டு மாட்டியிருக்கும். ஏதாவது ஒரு கொக்கி கழன்று தொங்கினாலோ, கம்பி முறிந்திருந்தாலோ அந்தப் பக்கம் இருக்கை தாழ்ந்திருக்கும். ஒரே பக்கமாக வலிக்கும் இடுப்புக்கு இது ஒரு காரணம். குஷன் ஒர்க்ஸ் கடைகளில் கம்பியை மாட்டி, பஞ்சை மாற்றித் தருவார்கள். மெத்தென்று வேண்டும் என்று கேட்காதீர்கள், கெட்டியான பஞ்சாகப் போடச் சொல்லுங்கள். மென்பஞ்சு கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது சுகமாக இருக்கும், சில மாதங்களில் மறுபடி குழிந்துவிடும். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பான் தெரிந்தால் அது ஏர்பேக் ஒயர். அதை யாரும் பிடுங்காமல் கம்பெனி சர்வீஸுக்கே கொண்டுபோங்கள்.

டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை பிஎஸ்ஐ என்று இருக்கும். "ரெண்டு பாயின்ட் கூட இருக்கட்டும் சார்" என்று அதற்கு மேல் அடித்துவிடுவார்கள். ஒவ்வொரு வேகத்தடையும் இடுப்பில் கேட்கும். காரின் ஒரு மூலையை அழுத்திவிட்டால் ஒரு முறை எழும்பி நின்றுவிட வேண்டும். தொடர்ந்து ஆடினால் ஷாக் அப்சார்பரை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஓட்டும்போது

இடது காலைக் கிளட்சின் மேலேயே வைத்திருக்கும் பழக்கத்தை விடுங்கள். பெடலுக்கு இடப்பக்கம் கால் வைக்கும் திட்டு இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் தரையில். சிக்னலில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து காலை எடுத்துவிட்டால் கிளட்ச் பிளேட்டுக்கும் நல்லது. ஜன்னல் விளிம்பில் ஒரு முழங்கை, கியர் தலையில் ஒரு கை என்று ஓட்டினால் முதுகு ஒரு பக்கம் முறுக்கியே இருக்கும். பின்சீட்டில் குழந்தை கேட்கும் பிஸ்கட்டைத் திரும்பி எட்டி எடுக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும், அல்லது வண்டியை ஓரங்கட்டுங்கள்.

ஏறும்போது ஒரு காலை உள்ளே வைத்து உடம்பை முறுக்கி நுழைவதற்குப் பதிலாக, முதலில் இருக்கையில் வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். இறங்கும்போதும் அப்படியே. வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் நிறுத்த வேண்டும் என்கிறது பிரிட்டனின் சாலை விதிக் கையேடு. அது தூக்கத்தை மனத்தில் வைத்துச் சொன்னது, முதுகுக்கும் பொருந்தும். சென்னையிலிருந்து மதுரைக்குச் சுமார் 460 கிலோமீட்டர். மேல்மருவத்தூர், உளுந்தூர்பேட்டை, திருச்சி என்று மூன்று இடத்திலாவது இறங்குங்கள். காபி குடிக்க இறங்கி அங்கேயும் நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன பயன்? ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி ஐந்தாறு முறை மெல்லப் பின்னால் சாயுங்கள். குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சி இப்போது வேண்டாம். அத்தனை நேரமும் முதுகு அந்தப் பக்கம்தானே வளைந்திருந்தது. ஊர் போய்ச் சேர்ந்ததும் டிக்கியைத் திறந்து பெட்டியைத் தூக்குவதும் கூடாது. இழுபட்டுத் தளர்ந்த தசைநார்கள் பழைய நிலைக்கு வரச் சற்று நேரம் பிடிக்கும். முதலில் உள்ளே போய்ச் சொந்தக்காரர்களை விசாரித்துவிட்டு வாருங்கள், பெட்டி எங்கும் போய்விடாது.

மருத்துவரிடம் எப்போது

இருக்கையைச் சரிசெய்து இரண்டு மூன்று வாரம் ஆகியும் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினால், கால் மரத்தால், குதிகாலில் நடக்க முடியாமல் பாதம் தொங்கினால் அத்தனை நாள் காத்திருக்க வேண்டாம். விபத்துக்குப் பின் வந்த வலியும், காய்ச்சலோடு வரும் வலியும், படுத்தாலும் விடாத வலியும் இருக்கையால் வந்தவை அல்ல. தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போய், சிறுநீர் போவது தெரியாமலோ கட்டுப்படாமலோ இருந்தால் அன்றே, அந்த மணிநேரமே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.

இன்னும் கார் வாங்காதவர்களுக்கு

ஷோரூமில் தரும் பத்து நிமிட ஓட்டத்தில் எந்த இருக்கையும் சுகமாகவே இருக்கும். அரை மணி நேரம் கேளுங்கள், நெரிசலான சாலையாகக் கேளுங்கள். மேலே சொன்ன வரிசையில் இருக்கையை அமைத்த பிறகு வண்டியை நகர்த்துங்கள். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். ஒரு சாண் இடைவெளி இருந்தால் தொடைக்குத் தாங்கல் இல்லை. சிறிய கார்களில் வலது சக்கரத்துக்கு இடம் விடுவதற்காகப் பெடல்கள் இடப்பக்கம் தள்ளி இருக்கும். கால்கள் இரண்டும் ஸ்டீயரிங்குக்கு நேராக இல்லாமல் கோணலாகப் போகிறதா என்று குனிந்து பாருங்கள். எந்தக் குஷனாலும் திருத்த முடியாத குறை அது. தினமும் நகர நெரிசலில்தான் ஓட்டம் என்றால், கிளட்ச் பெடல் இல்லாத, கியர் தானாக மாறும் ஏஎம்டி மாடலின் கூடுதல் விலையை முதுகின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

டெஸ்ட் டிரைவுக்குப் பெரும்பாலும் உயர்ந்த விலை மாடலைத்தான் தருவார்கள். அதில் இருக்கை ஏறும், இறங்கும், ஸ்டீயரிங் முன்னால் வரும். நீங்கள் பணம் கட்டப்போகும் மாடலில் இவற்றில் எவையெல்லாம் இருக்கின்றன என்று விலைப்பட்டியலில் விரல் வைத்துக் காட்டச் சொல்லிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.